ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்கும் 5 கட்டையா?

சுருதிசுத்தம்
பள்ளி இசை வகுப்பு பற்றிய பழைய இழையில் பஞ்சமம் மேடம் எழுதியது இது: "பாட்டு வகுப்புக்கு 5 கட்டைதான். எல்லாரும் அதிலேயே பாடட்டும். குரல் உடைந்த பையன்கள் ஒரு வருஷம் தாளம் போட்டுக்கொண்டு உட்காரட்டும்." இதற்கு ஆமாம் போட ஒரு கூட்டம் வேறு.

கணக்கைப் பாருங்கள். கட்டை என்பது ஆதார சுருதிக்கான ஆர்மோனியக் கட்டை எண்: 1 ஸி, 2 டி, 3 இ, 4 எஃப், 5 ஜி; அரை என்றால் அடுத்த கறுப்புக் கட்டை. 5 கட்டை என்றால் ஷட்ஜம் (ஸ) கீபோர்டின் நடு ஸிக்குக் கீழே உள்ள ஜி. மேல் ஷட்ஜம் நடு ஸிக்கு மேலே உள்ள ஜி. குரல் மாற்றத்தின் நடுவில் இருக்கும் பையனுக்குச் சராசரி எல்லை: கீழே, நடு ஸிக்குக் கீழ் உள்ள 2 கட்டை; மேலே, நடு ஸியைத் தாண்டி 4½ கட்டை. தொடக்க வரிசைகள் பாடும் மாயாமாளவகௌளை ராகத்தில் நி வரை வருவான், மேல் ஸ அரை ஸ்வரம் தள்ளி நிற்கும். அடுத்த படிக்குப் போய்க் குரல் இறங்கி உட்கார்ந்தவனுக்கு மேல் எல்லை 2½ தான். அவனுக்கு ஸ ரி க ம ப த, அதோடு சரி. ஒரு ஸ்தாயி (ஸ முதல் அடுத்த ஸ வரை) இறக்கிப் பாடட்டும் என்பீர்கள். அப்போது முதலாமவனுக்குக் கீழே ஸ ரி க ம நான்கும் கிடையாது, இரண்டாமவனுக்கு ஸவும் ரியும் கிடையாது. மேலேயும் வழியில்லை, கீழேயும் வழியில்லை. பிறகு அவனைப் பார்த்து "சுருதி சேரவில்லை" என்று சொல்கிறீர்கள்.

பஞ்சமம்
என் பெயரைப் போட்டே தனி இழையா? சந்தோஷம்.

வகுப்பு 45 நிமிஷம். 40 பிள்ளைகள். ஒரு சுருதிப்பெட்டி. இதில் பையனுக்குப் பையன் கட்டை மாற்றிக்கொண்டிருந்தால் சரளி, ஜண்டை, அலங்காரம் என்ற தொடக்கப் பயிற்சி வரிசைகள் எல்லாம் எப்போது? பெண் பிள்ளைகளின் குரலுக்கு 5 கட்டை சரியாக உட்காரும். மந்தர பஞ்சமம் (கீழ்ஸ்தாயி ப) வரை இறங்கிப் பார்க்க முடியும், மேல்ஸ்தாயி வரிசைக்கு ஏற முடியும். ஒரு சுருதியில் நிற்கப் பழகுவதுதான் முதல் பாடம். 5 கட்டை.

கேள்விக்கென்ன
ஒரு சந்தேகம். "குரல் உடைந்த பையன்" என்று நீங்கள் இருவரும் யாரைச் சொல்கிறீர்கள்? பேச்சுக்குரல் இறங்கியவனையா, பாடும்போது கீறல் விழுபவனையா? அதை முதலில் பேசி வைத்துக்கொண்டால் நல்லது.

சுருதிசுத்தம்
பெண் பிள்ளைகளுக்குச் சரியாக உட்காரும் என்பதை யார் மறுத்தது? எனக்குப் பதில் வேண்டியது ஒன்றுக்குத்தான். 5 கட்டையில் அந்தப் பையன் மேல் ஷட்ஜத்தை எங்கே போய் எடுப்பான்?

எடுக்க முடியாதபோது என்ன செய்வான் என்று வகுப்பில் நிற்கிற யாருக்கும் தெரியும். தாடையை மேலே தூக்குவான், கழுத்து நரம்பு புடைக்கும், குரல்வளை மேலே ஏறி இறுகும். பத்து நிமிஷத்தில் குரல் கரகரக்கும். அல்லது தைவதம் வந்ததும் பட்டென்று ஒரு ஸ்தாயி கீழே விழுவான். அல்லது, இதுதான் அதிகம், நான்கு ஐந்து ஸ்வரம் கீழே ஒரு இடம் பிடித்து அங்கேயே சரளி முழுவதையும் கூட்டத்தோடு ஓட்டுவான். ஸ்வர இடைவெளிகள் எல்லாம் சரியாகவே இருக்கும். காது வேலை செய்கிறது, தொண்டை அனுமதிக்கவில்லை. அவனைத்தான் தாளம் போட அனுப்புகிறீர்கள்.

பஞ்சமம்
எல்லைக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியும். மேல்நாட்டுச் சேர்ந்திசைக்காரர்கள் எடுத்த அளவு. அவர்களுக்குக் கமகம் (ஸ்வர அசைவு) உண்டா, சாதகம் (அன்றாடப் பயிற்சி) உண்டா? 5 கட்டையில் பாடிப் பழகினால் குரல் வரும்.

சுருதிசுத்தம்
ஜான் குக்ஸி 1970களில் வகுத்த படிநிலைகள். குரல்வளை வளர்ந்து குரல் நாண் நீண்டு தடிக்கும்போது பாடும் எல்லை மாறுவதைத்தான் அவர் படிப்படியாகப் பார்த்தார். பையனுக்குக் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்குகிறது. இது கர்நாடக சங்கீதம் படிக்கிற பையனுக்கு நடக்காதா? சாதகம் செய்தால் நாண் சுருங்கிவிடுமா?

பழைய_பாடாந்தரம்
மேடம் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. கண்ணாடி வைத்துக் குரல் நாணைப் பார்த்த மானுவேல் கார்சியாவே மாறும் காலத்தில் பாடக்கூடாது என்ற கட்சி. அவரைவிடவா உங்களுக்குத் தெரியும்?

சுருதிசுத்தம்
பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்காதீர்கள். மோரல் மெக்கன்சி என்ற தொண்டை மருத்துவர் அதே 19ஆம் நூற்றாண்டில் அதற்கு எதிராக எழுதினார். எல்லைக்குள் அளவோடு பாடினால் கெடுதல் இல்லை என்பது அவர் பக்கம். போன மாதம் மூச்சுப் பயிற்சி இழையிலும் நீங்கள் இதே வேலையைத்தான் செய்தீர்கள்.

பழைய_பாடாந்தரம்
மூச்சுப் பயிற்சி இழையில் பதில் இல்லாமல் போனது யார் என்று எல்லாரும் பார்த்தார்கள்.

தாட்டுவரிசை
சண்டை வேண்டாம். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக 3½ கட்டையில் வைத்தால் என்ன?

சுருதிசுத்தம்
3½ கட்டை என்று ஒன்று கிடையாது. 3க்கும் 4க்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை. பாட்டு வகுப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறீர்கள்!

தாட்டுவரிசை
வேகமாக எழுதியது. 3 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுருதிசுத்தம்
3 வைத்தாலும் உதவாது. குரல் இறங்கியவனுக்கு மேல் ஷட்ஜம் அரை ஸ்வரம் வெளியே. பெண் பிள்ளைகளுக்குக் கீழ் 3 மிகவும் தாழ்வு, மேல் 3 மிகவும் உயரம். பையன்களுக்கு 2 கட்டை. நடு மாற்றத்தில் இருப்பவனுக்குக் கீழ் எல்லையே 2, அதனால் ஷட்ஜம் கிடைக்கும். குரல் இறங்கியவனுக்கு மேல் எல்லை 2½, அதாவது 2 கட்டைக்கு மேல்ஸ்தாயி சுத்த ரிஷபம். மலஹரி ராகத்தில் முதலில் சொல்லிக்கொடுக்கும் பிள்ளாரி கீதம் தொடும் உச்சம் அதே மேல் ரிதான். சரளி, ஜண்டை, முதல் கீதம் மூன்றும் இரண்டு வகைப் பையன்களுக்கும் அடங்குகிற இடம் இது ஒன்றுதான். 1½ வைத்தால் ஒருவனுக்கு ஷட்ஜம் போகும், 2½ வைத்தால் மற்றவனுக்கு மேல் ரி போகும். 5 கட்டைக்காரர்கள் இப்படி ஒரு கணக்குக் காட்டட்டும்.

பஞ்சமம்
அப்படியானால் பெண் பிள்ளைகள் 2 கட்டையில் மேல்ஸ்தாயியில் கத்தட்டுமா? மேல் ஸ நடு ஸிக்கு மேலே இரண்டாவது டி. மேல்ஸ்தாயி வரிசையில் மேல் பஞ்சமம் வரை போகச் சொல்லுங்கள், பார்ப்போம். பையனின் தொண்டைக்காக உருகுகிறவருக்குப் பெண் பிள்ளைக்கும் தொண்டை உண்டு என்று தெரியவில்லை. அந்த வயதில் அவர்களுக்கும் குரல் மாறும், குரலில் காற்று கலக்கும். நாணின் இரு பக்கமும் சேராமல் இடைவெளி விழுவதால் வருவது அது. இரண்டு மூன்று அரைஸ்வரம் அவர்களுக்கும் இறங்கும். அந்த நேரத்தில் உயரத்தில் தள்ளினால் என்ன ஆகும்?

சுருதிசுத்தம்
எல்லாருக்கும் 2 வையுங்கள் என்று நான் எங்கே எழுதினேன்? பையன்களுக்கு 2, பெண் பிள்ளைகளுக்கு 5. ஒரு வரிசையைப் பெண் பிள்ளைகள் மூன்று காலம் (மூன்று வேகம்) பாடட்டும், பையன்கள் ஸ்வரத்தை வாய்க்குள் சொல்லித் தாளம் போடட்டும். அடுத்த வரிசை பையன்களுக்கு. ஒரு பக்கம் பாடும்போது மறுபக்கத்துக்குக் குரல் ஓய்வும் ஆயிற்று.

பஞ்சமம்
ஆக உங்கள் பையன்களும் தாளம்தான் போடுகிறார்கள்.

சுருதிசுத்தம்
பாதி வகுப்பு தாளம் போடுவதும் ஒரு வருஷம் தாளம் போடுவதும் ஒன்றா? பேச்சைத் திருப்பாதீர்கள். 5 கட்டையில் மேல் ஷட்ஜம் எங்கே?

அரைக்கட்டை
சுருதிப்பெட்டியை மாற்றாமலே ஒரு வழி இருக்கிறது. 1 கட்டைக்குப் பஞ்சம சுருதி (ஸ, ப) வைத்தால் ஒலிப்பது 1ம் 5ம். 5 கட்டைக்கு மத்திம சுருதி (ஸ, ம) வைத்தாலும் அதே இரண்டும்தான். ஒரே பெட்டியை ஓடவிட்டுப் பையன்கள் 1, பெண்கள் 5 என்று மாறி மாறிப் பாடலாமே.

சுருதிசுத்தம்
காகிதத்தில் அழகாக இருக்கும். 1 கட்டை வைத்தால் நடு மாற்றப் பையனுக்கு ஸவும் போச்சு, ரியும் போச்சு, எல்லை 2ல்தானே தொடங்குகிறது. அதோடு பெட்டியில் ஓங்கி ஒலிப்பது 1. ஐந்து நிமிஷத்தில் பெண் பிள்ளைகளின் காதில் மத்திமம் ஷட்ஜமாக மாறிவிடும். பிறகு அந்தர காந்தாரத்தை நி போலப் பாடுவார்கள், பஞ்சமத்துக்குப் பெட்டியில் ஆதாரமே இருக்காது. தொடக்கநிலைக்கு இது ஆகாது.

வலந்தலை
எல்லாரும் தொண்டையைப் பற்றியே பேசுகிறீர்கள். பள்ளியில் ஒரு மிருதங்கம்தான் இருக்கும், அதுவும் பெரும்பாலும் 22 அங்குல ஹெச்சு (உயர்ந்த) சுருதி. அதை 5 கட்டைக்குச் சேர்த்து வைத்திருப்பார்கள். 2 கட்டைக்கு இறக்கு என்றால் ஐந்து அரைஸ்வரம். அவ்வளவு தளர்த்தினால் சாதம் (வலது தோலின் நடுக் கறுப்பு) பேசாது, மீட்டு (ஓரத் தோல் நாதம்) எழும்பாது. 2 கட்டைக்கு 24 அங்குலத் தக்கு (தாழ்ந்த) சுருதி மிருதங்கம் வேண்டும். வகுப்பு நடுவில் 5, 2, 5 என்று மாற்றினால் வார் இழுத்து இழுத்து வலந்தலை (வலப்பக்கத் தோல்) கிழியும்.

சுருதிசுத்தம்
சரளி வரிசைக்கு மிருதங்கம் எதற்கு? கையில் தாளம் போட்டால் போதாதா?

வலந்தலை
இதைத்தான் எதிர்பார்த்தேன். பாட்டுக்காரர்களுக்கு மிருதங்கம் என்றால் எப்போதும் "எதற்கு". ஆதி தாளத்தில் மூன்றாம் காலம் ஓடும்போது கைத்தாளம் மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை பிள்ளைகள் வேகம் பிடிக்காமல் இருக்கிறார்கள்? துருதம் (தாளத்தின் இரண்டு அட்சரப் பகுதி) தாண்டுவதற்குள் அரை அட்சரம் முன்னால் நிற்பார்கள்.

பஞ்சமம்
வலந்தலை சார் சொல்வது சரி. வாத்தியமும் 5 கட்டைக்குத்தான் இருக்கிறது.

வலந்தலை
நான் உங்கள் கட்சி இல்லை, மேடம். இரண்டு மிருதங்கம் வேண்டும் என்கிறேன்.

கேள்விக்கென்ன
எந்தப் பையன் எந்தப் படியில் இருக்கிறான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்காவது யாராவது பதில் சொல்லுங்கள்.

சுருதிசுத்தம்
20 முதல் 1 வரை தலைகீழாக எண்ணச் சொல்லுங்கள். யோசித்துச் சொல்வதால் குரலை மாற்றி நடிக்க மாட்டான். எண்ணும்போது குரல் எங்கே உட்காருகிறது என்று கீபோர்டில் பிடியுங்கள். பாடக்கூடிய கீழ் எல்லை பெரும்பாலும் அதிலிருந்து மூன்று நான்கு அரைஸ்வரம் கீழே இருக்கும். பிறகு அகாரத்தில் ("ஆ" என்று) மேலே ஏற்றுங்கள், தாடை தூக்கும் ஸ்வரத்துக்கு முந்தியதோடு நிறுத்துங்கள். ஆளுக்கு ஒரு நிமிஷம். வகுப்பு முன்னால் தனியாக நிறுத்தாதீர்கள், வெட்கத்தில் குரல் இன்னும் மேலே போகும். ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பாருங்கள், சிலருக்கு அதற்குள் எல்லாமே மாறியிருக்கும். இதைச் செய்யாதவர்கள்தான் 5 கட்டை என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறார்கள்.

பஞ்சமம்
40 பிள்ளைகளுக்கு 40 நிமிஷம். ஒரு வகுப்பு முழுக்கப் போச்சு. ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை அப்படிப் போகும். பாடத்திட்டத்தை நீங்கள் வந்து முடித்துக் கொடுப்பீர்களா?

சுருதிசுத்தம்
பையன்களை மட்டும் பாருங்கள், இருபது நிமிஷம். மேல் ஷட்ஜம் எங்கே என்று இன்னும் சொல்லவில்லை.

பழைய_பாடாந்தரம்
அவர் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. 2 கட்டையில் மந்தரஸ்தாயி வரிசைக்கு உங்கள் பையன் எங்கே போவான்? கீழ் எல்லையே 2 என்றீர்கள். ஷட்ஜத்துக்குக் கீழே ஒரு நி கூடக் கிடைக்காதே.

சுருதிசுத்தம்
மந்தரஸ்தாயி வரிசையை அந்த ஆண்டில் வைக்கவே கூடாது. குரல் உட்கார்ந்த பிறகு வையுங்கள்.

பஞ்சமம்
அது வேண்டாம், இது வேண்டாம், மிருதங்கம் வேண்டாம். பிறகு எதைத்தான் சொல்லிக்கொடுப்பது?

வலந்தலை
மிருதங்கம் வேண்டாம் என்றதை அவர் இன்னும் திரும்பப் பெறவில்லை, கவனித்துக்கொள்ளுங்கள்.