கிராமத்துப் பள்ளிக்கு வீடியோவில் இயற்பியல் எடுக்கிறேன், ஒருவரும் வாய் திறப்பதில்லை

பழைய மாணவன்:

நான் படித்த அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் மாறுதலில் போய் நான்கு மாதமாகிறது, இன்னும் ஆள் வரவில்லை. பிளஸ் டூவில் 38 பேர். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன், எம்.எஸ்ஸி. இயற்பியல். சனிக்கிழமை காலையில் வீடியோவில் பாடம் எடுக்கட்டுமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன், "தாராளமா எடுங்க தம்பி" என்று அப்போதே ஹைடெக் லேப்பைத் திறந்துவிட்டார்.

போன வாரம் முதல் வகுப்பு, நிலைமின்னியலில் காஸ் விதி. இலவச ஸூம் 40 நிமிடத்தில் தானாக மூடிக்கொண்டது, அது என் கவனக்குறைவு, ஆனால் வகுப்பு அதற்கு வெகு முன்பே படுத்துவிட்டது. "புரிகிறதா" என்றால் கோரஸாக "புரியுது சார்". ஒரு கணக்கு கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் ஒரு சத்தம் கிடையாது, எனக்குக் கேட்டது மின்விசிறி மட்டும். நல்ல கேமரா வாங்கிக் கொடுக்கலாமா? பத்தாயிரம் வரை என்னால் முடியும். இல்லை, பேசாமல் ரெக்கார்டு செய்து அனுப்பிவிடலாமா?

சாக்பீஸ்:

தம்பி, கேமரா வேண்டாம். முதலில் ஒரு மைக் வாங்குங்கள், கையோடு கை மாற்றிக்கொள்கிற மாதிரி. மேசையில் இருக்கிற லேப்டாப் மைக்குக்குப் பிள்ளைகளைவிட மின்விசிறிதான் பக்கத்தில் இருக்கிறது, கடைசி பெஞ்சு பையன் பதில் சொல்லியிருந்தால்கூட உங்களுக்குக் கேட்டிருக்காது. படம் மங்கினால் சமாளித்துவிடலாம், குரல் விட்டுவிட்டு வந்தால் வகுப்பு முடிந்தது.

இன்னொன்று தாமதம். நேரில் ஒருவர் பேச்சை நிறுத்தி அடுத்தவர் ஆரம்பிக்கிற இடைவெளி சராசரியாக 200 மில்லி நொடிதான், பத்து மொழிகளில் அளந்து பார்த்து 2009-இல் கட்டுரையே வந்திருக்கிறது. கிராமத்து நெட்டில் உங்கள் கேள்வி போய் அவர்கள் பதில் திரும்பி வருவதற்குள் அதைவிட அதிக நேரம் ஓடியிருக்கும், நீங்கள் யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்து நீங்களே விடையைச் சொல்லிவிடுவீர்கள். சொன்னீர்கள்தானே? நேரிலேயே நாங்கள் செய்கிற தப்பு இது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களிலேயே எழுதியிருக்கிறார், கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடியாக்கினாலே பிள்ளைகள் நீளமாக, யோசித்துப் பதில் சொல்கிறார்கள் என்று. உங்களுக்குப் பத்து நொடி வேண்டும். வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் எண்ணுங்கள்.

"புரியுது சார்" எனக்கும் தினமும் கிடைப்பதுதான், ஆனால் நான் முகத்தைப் பார்த்து அது பொய் என்று கண்டுபிடித்துவிடுவேன். உங்களுக்கு அந்த வசதி இல்லை. நாலு பேருக்கு ஒரு சிலேட் கொடுங்கள், விடையை எழுதிக் கேமராவுக்கு நேரே தூக்கிக் காட்டட்டும். அப்புறம், அறைக்குள் யாராவது ஒருவர் பெஞ்சுக்கு பெஞ்சு நடந்துகொண்டிருக்க வேண்டும், அவருக்கு இயற்பியல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

தம்புரா:

சாக்பீஸ் சார் தாமதத்தைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. நான் வெளிநாட்டுக் குழந்தைகளுக்குப் பல வருடமாக இணையத்தில் வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். சேர்ந்து தாளம் போடுவது நடக்கவே நடக்காது, என் ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை முடிந்து மறுபடி முதல் எண்ணிக்கைக்கு, அதாவது சமத்துக்கு, வரும்போது அங்கே இன்னும் ஏழாவது எண்ணிக்கை. போதாததற்குத் தம்புரா சுருதியை இரைச்சல் என்று நினைத்து ஸூம் வடிகட்டிவிடும், அமைப்புகளில் 'ஒரிஜினல் சவுண்டு' போட்ட பிறகுதான் சுருதியே கேட்டது. சேர்ந்து வாசிப்பதை விட்டுவிட்டு நான் ஒரு வரி, அவள் ஒரு வரி என்று மாற்றினேன், சரியாகிவிட்டது. ஆனால் ஒரு மாணவியின் வில் பிடிக்கும் மணிக்கட்டை மூன்று மாதம் திரை வழியாகத் திருத்திப் பார்த்தேன், மார்கழியில் சென்னைக்கு வந்தபோது கையைப் பிடித்துக் காட்டினேன், பத்து நிமிடம்.

2021 பேட்ச்:

அண்ணா, நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள். வீட்டில் மூன்று பேருக்கு ஒரு போன், கேமராவைப் போட்டால் பின்னால் அடுப்படி தெரியும் என்று எப்போதும் அணைத்தே வைத்திருந்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டால் நெட் போய்விட்டதாக நடிப்போம், இப்போது சொல்வதில் என்ன. எனக்கு உதவியது ரெக்கார்டிங்தான், தருவித்தல்களை ராத்திரி நிறுத்தி நிறுத்தி மூன்று முறை பார்ப்பேன். அதனால் தருவித்தலை 15 நிமிடத்துக்கு எடுத்து பென்டிரைவில் போட்டுப் பள்ளிக்குக் கொடுத்துவிடுங்கள், சனிக்கிழமை வெறும் கணக்கும் சந்தேகமும் மட்டும். சந்தேகத்தை வெள்ளிக்கிழமையே பெயர் போடாமல் சீட்டில் எழுதி வாங்கச் சொல்லுங்கள், அப்புறம் பாருங்கள் எத்தனை வருகிறது என்று.

எதிர்க்கட்சி:

எல்லாம் சரி, நீங்கள் நன்றாக எடுத்தால் அந்தப் பணியிடத்தை நிரப்ப யாருக்கு அவசரம் இருக்கும்? 2004 செப்டம்பரில் எஜுசாட் என்று கல்விக்கென்றே இஸ்ரோ ஒரு செயற்கைக்கோளை ஏவியது. எங்கள் கல்லூரி மொட்டைமாடிக்கும் ஒரு தட்டு வந்தது, ஒரு வருடம் பாடம் ஓடியது, பிறகு அதில் விடுதிப் பசங்கள் துணி காயப்போட்டார்கள். இந்தப் பக்கம் அதைக் கவனிக்க ஓர் ஆளைப் போடவில்லை, அவ்வளவுதான். 2022-இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தார்களே, அப்படி ஏதாவது வழி இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் முதலில் கேளுங்கள்.

பழைய மாணவன்:

ஆமாம் சார், விடையை நானேதான் சொன்னேன், நான்கு முறை. மேலாண்மைக் குழு விஷயத்தைத் திங்கட்கிழமை தலைமையாசிரியரிடம் பேசுகிறேன், ஆள் வந்தால் சந்தோஷமாக ஒதுங்கிவிடுவேன். அதுவரை மைக், பென்டிரைவ், சீட்டு. வகுப்பில் நடக்க லேப் அக்கா சம்மதித்துவிட்டார். சிலேட் இப்போதெல்லாம் எங்கே கிடைக்கிறது?

சாக்பீஸ்:

பழைய காலண்டர் அட்டை தம்பி. பின்பக்கம் வெள்ளைத்தாள் ஒட்டி, மேலே செல்லோடேப். மார்க்கரில் எழுதித் துணியால் துடைத்துக்கொள்ளலாம். பெரிதாக எழுதச் சொல்லுங்கள்.