துப்பாக்கிக்கும் கதவுக் கீலுக்கும் ஒரே எண்ணெய் போதுமா?

பழையபூட்டு:

தாத்தாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி இப்போது என் பொறுப்பில் வந்திருக்கிறது. லைசென்ஸ் வேலையெல்லாம் முடிந்துவிட்டது, அதைப் பற்றிக் கேள்வி இல்லை, எண்ணெய் பற்றித்தான். அலமாரியில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு குப்பி, டபிள்யூ.டி. 40 ஒரு டப்பா, கொஞ்சம் கிரீஸ், அப்புறம் என்னவென்றே தெரியாத லேபிள் உரிந்த ஒரு பாட்டில் இருக்கின்றன. துப்பாக்கி போக, கிறீச்சிடும் கீல்கள், சாவி திரும்ப மறுக்கும் ஒரு பூட்டு, ஒரு ஏர் ரைஃபிள் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. ஒரு நண்பர் "சமையல் எண்ணெயே போதும், அந்தக் காலத்தில் அதைத்தானே போட்டார்கள்" என்கிறார். இன்னொருவர் துப்பாக்கிக்கென்றே விற்பதைத் தவிர வேறெதையும் தொடாதே என்கிறார். ஒரே பாட்டிலில் எல்லாவற்றையும் முடிக்க வழியே இல்லையா? குழலை மடக்கிப் பார்த்தால் உள்ளே தேன் நிறத்தில் பிசின் மாதிரி ஏதோ காய்ந்து ஒட்டியிருக்கிறது, அதை எப்படி எடுப்பது என்றும் சொல்லுங்கள்.

லேத்காரன்:

அந்தப் பிசின்தான் உங்கள் முதல் நண்பருக்குப் பதில். தாவர எண்ணெய்கள் காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகும். ஆளிவிதை எண்ணெய் முழுக்கவே காய்ந்து தோல் மாதிரி ஆகிவிடும், ஓவியர்கள் வண்ணத்தில் கலப்பதும் மரத்தில் பூசுவதும் அந்தக் குணத்துக்காகத்தான். சூரியகாந்தி, சோயா எல்லாம் அவ்வளவு வேகமாக இல்லாவிட்டாலும் சில மாதங்களில் கோந்து ஆகும். தேங்காய் எண்ணெய் இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை, லேசில் காயாது, ஆனால் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்து நிற்கும். உறைந்த எண்ணெயோடு ட்ரிகர் எப்படி வேலை செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பிசினை எடுப்பதற்கு முன்னால் தோட்டா வைக்கும் இரண்டு அறைகளும் காலி என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி உறுதி செய்யுங்கள். பிறகு மண்ணெண்ணெயோ பெயின்ட் தின்னர் வகையோ துணியில் தொட்டு, ஊற வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் வந்துவிடும். கதவு ஜன்னலைத் திறந்து வைத்து, நெருப்புப் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். கட்டையில், அதாவது துப்பாக்கியின் மரப் பகுதியில், பட வேண்டாம், பூச்சு போய்விடும். துப்பாக்கியின் உள்ளே இருக்கும் பூட்டுப் பகுதியை (ட்ரிகரோடு சேர்ந்து சுடவைக்கும் பொறியை) கழற்றலாமா என்று கை துறுதுறுக்கும், திருப்புளியைத் தூர வையுங்கள். பழைய இரட்டைக் குழல்களின் திருகு வெட்டு மிக ஒடுக்கமானது, சாதாரண திருப்புளி அதைக் கடித்துத் துப்பிவிடும்.

ஒரே பாட்டில் கேள்விக்கு வருவோம். அழுக்கைக் கரைப்பது, உரசலைக் குறைப்பது, துருவைத் தடுப்பது என்று மூன்று வேலைகள் இருக்கின்றன, மூன்றும் ஒன்றோடொன்று முரண்படும். நன்றாகக் கரைப்பது மெல்லியதாக ஆவியாகிப் போகும், நன்றாகக் காப்பது கெட்டியாக ஒட்டிக்கொண்டு தூசியையும் சேர்த்துப் பிடிக்கும். டபிள்யூ.டி. 40 பெயரிலேயே விஷயம் இருக்கிறது: நீரை விரட்டும் கலவை, நாற்பதாவது முயற்சி. 1953இல் சான் டியேகோவில் ராக்கெட்டுகளின் வெளித்தோல் துருப்பிடிக்காமல் இருக்கச் செய்தது. அதில் பெரும்பகுதி கரைப்பான், அது பறந்த பிறகு மெல்லிய படலம்தான் மிஞ்சும். நனைந்ததை உலர்த்தவும் இறுகியதை இளக்கவும் அருமை, நிரந்தர எண்ணெயாக நம்பினால் ஏமாற்றம்தான்.

என் தேர்வு தையல் மெஷின் எண்ணெய். சுத்தமான கனிம எண்ணெய், காயாது, நாறாது.

இலக்குப்பலகை:

லேத்காரன் சொன்னதில் பாதிக்கு ஒப்புக்கொள்கிறேன். தையல் மெஷின் எண்ணெய் மிகவும் நீர்த்தது. வருடத்தில் பாதி நாள் அலமாரியில் நிற்கும் துப்பாக்கியில் அது கீழே வழிந்து, பின்பக்கக் கட்டையின் தலைப்பகுதியில் ஊறி மரத்தைக் கறுப்பாக்கி மெத்தென்று ஆக்கிவிடும். பழைய துப்பாக்கிகளில் கட்டை கறுத்து விரிசல் விட்டிருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். எண்ணெய் போட்டதும் ஓரிரு நாள் குழல் வாய் கீழே இருக்கும்படி நிறுத்தி வைப்பது நல்லது. உங்களுடையது மடங்கும் வகை என்பதால், மடங்கும் அச்சிலும் கொக்கி பிடிக்கும் இடத்திலும் எண்ணெயைவிட ஒரு கடுகளவு கிரீஸ் மேல். அங்கே பரப்பும் பரப்பும் அழுத்தி உரசுகின்றன, நீர்த்த எண்ணெய் பிதுங்கி ஓடிவிடும்.

எடுத்து வைக்கும்போது குழலுக்குள் எண்ணெய் பூசுங்கள், ஆனால் சுடுவதற்கு முன் உலர்ந்த துணி விட்டு முழுக்கத் துடைத்துவிடுங்கள். அறையில் எண்ணெய் இருந்தால் தோட்டாக் கூடு சுவரைப் பற்றிக்கொள்ள முடியாமல் பின்னால் தள்ளும் விசை கூடும். தோட்டா வைக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் ஊடுருவும் ஸ்பிரே எதையும் அடிக்காதீர்கள், தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமருக்குள் இறங்கினால் தோட்டா செத்துவிடும்.

தாத்தா காலத்துத் தோட்டாக்கள் என்றால் இன்னொன்று. பழைய ப்ரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது, வெடித்தபின் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படியும். அதுவும் உப்புதான், ஈரத்தை இழுக்கும். உப்பு எண்ணெயில் கரையாது! மேலே எவ்வளவு நல்ல எண்ணெய் பூசினாலும் அடியில் துரு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். முதலில் சுடுதண்ணீர், நன்றாக உலர்த்தல், அப்புறம்தான் எண்ணெய்.

ஏர் ரைஃபிள் தனி ஜாதி. சுருள்வில் வகையின் அழுத்த அறைக்குள் கனிம எண்ணெய் போனால், பிஸ்டன் காற்றை அமுக்கும் சூட்டிலேயே டீசல் எஞ்சின் மாதிரி பற்றிக்கொள்ளும். படார் என்று சத்தம், புகை, கொஞ்ச நாளில் சீலும் சுருளும் காலி. அங்கே அதற்கென்று உள்ள சிலிகான் எண்ணெய் ஒரு சொட்டு போதும். முன்கூட்டியே காற்று அடைத்து வைக்கும் வகை என்றால் இன்னும் ஆபத்து, உயர் அழுத்தக் காற்றோடு கனிம எண்ணெய் சேரவே கூடாது.

சாவிக்கொத்து:

துப்பாக்கி எனக்குத் தெரியாது, பூட்டு தெரியும். சாவித் துளையில் எண்ணெய் ஊற்றினால் அன்றைக்கு வெண்ணெய் மாதிரி திரும்பும், பிறகு தூசியும் பித்தளைத் துகளும் சேர்ந்து களிம்பாகும். கிராஃபைட் தூள் அல்லது டெஃப்லான் கலந்த உலர் ஸ்பிரே போடுங்கள். ஏற்கெனவே எண்ணெய் போட்ட பூட்டில் கிராஃபைட்டைக் கொட்டினால் சேறாகிவிடும், முதலில் கரைப்பானால் கழுவ வேண்டும். கிராஃபைட்டை அலுமினியத்தின் மேல் பயன்படுத்தாதீர்கள், ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும்.

கீலுக்கு மேலிருந்து ஸ்பிரே அடித்துச் சுவரைப் பாழாக்காமல், ஊசியைத் தட்டி எடுத்துத் துடைத்து, கிரீஸ் தடவித் திரும்பச் செருகுங்கள். பல வருடம் சத்தம் வராது.

பழையபூட்டு:

எல்லோருக்கும் நன்றி. பிசின் மண்ணெண்ணெயில் வந்துவிட்டது, கீலும் அடங்கிவிட்டது. எவ்வளவு எண்ணெய் போட வேண்டும் என்றுதான் இன்னும் பிடிபடவில்லை. அந்த லேபிள் இல்லாத பாட்டிலை என்ன செய்வது?

லேத்காரன்:

விரலால் தடவினால் பளபளப்புத் தெரிய வேண்டும், ஈரம் வழியக் கூடாது. வழிந்தால் அதிகம். துருவைப் பொறுத்தவரை எண்ணெயைவிட உங்கள் கைதான் பெரிய எதிரி. வியர்வையில் உப்பு இருக்கிறது, தொட்ட இடத்தில் விரல் ரேகையே துருவாகப் பதியும், எனவே தொட்டபின் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. தோல் உறைக்குள் வைத்து மூடிவிடாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். வண்டியில் வடித்த பழைய எஞ்சின் எண்ணெயை "வீணாகிறதே" என்று எங்கும் பூச வேண்டாம், எரிந்த கழிவுகள் அதில் சேர்ந்திருக்கும், தோலுக்கும் கெடுதல். (இலக்குப்பலகை சொன்ன கிரீஸ் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன்.)

பாட்டிலுக்கு ஒரு சோதனை: கண்ணாடித் துண்டில் உங்களிடம் உள்ள ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டு, மூன்று வாரம் அப்படியே வைத்துவிட்டு விரலால் தொட்டுப் பாருங்கள்.

பழையபூட்டு:

மூன்று வாரம் ஆகிவிட்டது. தையல் மெஷின் எண்ணெய் விட்டபடியே இருக்கிறது. டபிள்யூ.டி. 40 கிட்டத்தட்ட காணவில்லை. பெயரில்லாத பாட்டில் சொட்டின் மேல் சுருக்கம் விழுந்த தோல் கட்டியிருக்கிறது, அடியில் நூல் மாதிரி இழுக்கிறது. தாத்தா கட்டைக்குப் பூச வைத்திருந்த ஆளி எண்ணெயாகத்தான் இருக்க வேண்டும், அதையே யாரோ இரும்புக்கும் போட்டிருக்கிறார்கள். நேற்று அதைத் துணியில் தொட்டுக் கட்டைக்குத் தேய்த்தேன், அழகாக வந்திருக்கிறது.

லேத்காரன்:

அந்தத் துணி இப்போது எங்கே? சுருட்டி மூலையில் போட்டிருந்தால் உடனே எடுங்கள். ஆளி எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். வெளியில் ஒற்றை மடிப்பாக விரித்துப் போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள்.

பழையபூட்டு:

வாளியில் போட்டுவிட்டேன். மர மேஜைக்குக் கீழே சுருட்டித்தான் வைத்திருந்தேன்.