சிடி ப்ளேயர் தாவுகிறதா? எந்த இடத்தில் தாவுகிறது என்று முதலில் பாருங்கள்

பழைய சிடி ப்ளேயர் தாவ ஆரம்பித்துவிட்டால் கடைகளில் சொல்வது ஒன்றுதான்: "லென்ஸ் போச்சு சார், மாத்திடலாம்." எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். பார்த்தால் லென்ஸ் நன்றாகவே இருந்தது.

என் செட்டில் எந்த சிடி போட்டாலும் ஏறக்குறைய 40 நிமிடம் வரை துளிப் பிசகில்லாமல் ஓடும். அதற்கப்புறம் அதே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும். ஒரே சிடி, ஒரே இடம் என்றால் கீறல் என்று விட்டுவிடலாம். எல்லா சிடியும் அதே நிமிடத்தில் சிக்கினால் சிடியைக் குறை சொல்லிப் பயனில்லை. சிடியை உள்வட்டத்திலிருந்து வெளிப்பக்கமாகத்தான் ப்ளேயர் படிக்கும். 40 நிமிடம் என்றால் ஹெட் (லேசரும் லென்ஸும் சேர்ந்த, சிடியைப் படிக்கும் பகுதி) தன் பாதையில் பாதியைத் தாண்டியிருக்கும். அங்கேதான் கோளாறு.

மூடியைத் திறந்து, ஹெட் நகரும் கம்பியை டார்ச் அடித்துப் பார்த்தேன். கிரீஸ் மஞ்சளாகி மெழுகு போல இறுகிக் கிடந்தது. பல்சக்கரத்தின் இரண்டு பற்களுக்கு நடுவே தூசியோடு ஒரு தலைமுடி.

சிடியில் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடைவெளி வெறும் 1.6 மைக்ரான். நுணுக்கமான அசைவை லென்ஸைத் தாங்கும் கம்பிச்சுருள் (coil) பார்த்துக்கொள்ளும். அது எட்டும் எல்லை முடிந்ததும் மொத்த ஹெட்டும் ஒரு எட்டு முன்னே நகர வேண்டும். நகர முடியாவிட்டால் லென்ஸ் தடத்தை விட்டுத் துள்ளிவிடும்.

பழைய கிரீஸை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் முழுக்கத் துடைத்து, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத வெள்ளை கிரீஸ் லேசாகத் தடவினேன். தையல் மெஷின் எண்ணெய் மட்டும் விடாதீர்கள், ஒழுகும். இப்போது கடைசிப் பாட்டு வரை ஓடுகிறது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத்தான் இதையெல்லாம் செய்ய வேண்டும். ஓடும்போது லென்ஸை நேராகக் குனிந்து பார்க்கவே கூடாது. லேசர் 780 நானோமீட்டர், கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

---

நல்ல பதிவு அண்ணா. என் கதை வேறு. கம்பெனி சிடி எல்லாம் ஓடும், கம்ப்யூட்டரில் ரைட் பண்ணின சிடி மட்டும் கண்ட இடத்தில் தாவும். ரைட் பண்ணின சிடி ஒளியைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும், அதனால் லேசர் தளர்ந்தால் முதலில் அதில்தான் தெரியும். லென்ஸைத் துடைத்ததும் கொஞ்சம் சரியானது, முழுசாக இல்லை.

ஒரு மெக்கானிக் ஹெட்டில் இருக்கிற ப்ரிசெட் என்கிற குட்டித் திருகைத் திருகி "சரியாயிடுச்சு" என்று கொடுத்தார். அது லேசருக்குப் போகிற கரண்ட்டைக் கூட்டுகிற வேலை. கொஞ்ச காலம் ஜோராக ஓடிவிட்டு ஒரேயடியாக அணைந்துபோனது. யாராவது அதில் ஸ்க்ரூடிரைவர் வைத்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

என் செட்டில் இருந்தது கேஎஸ்எஸ்-213 வகை ஹெட். பல கம்பெனி செட்களிலும் இதுதான் இருக்கும் என்பதால் சென்னை ரிச்சி தெருவில் கிடைத்தது. புது ஹெட்டில் நிலைமின்சாரம் தாக்காமலிருக்க ஒரு பொட்டு ஈயம் வைத்திருப்பார்கள். ரிப்பன் கேபிளைச் சொருகின பிறகு அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் லேசர் எரியாது, புது ஹெட்டும் பழுது என்று நினைத்துவிடுவோம்.

---

எனக்கு உங்கள் இருவருக்கும் நேர்மாறு. முதல் பாட்டில்தான் திணறல், போகப் போகத் தெளிவு. சிடி உள்வட்டத்தில் நிமிடத்துக்கு 500 சுற்று, வெளிவட்டத்தில் 200 சுற்று. அந்த ஆரம்ப வேகத்தை என் மோட்டாரால் பிடிக்க முடியவில்லை. லென்ஸைத் துடைத்தும் கிரீஸ் போட்டும் மாற்றமில்லை. சிடியைச் சுழற்றுகிற மோட்டாரை மாற்றிய அன்றே முதல் பாட்டு ஒழுங்காக ஓடியது. மோட்டார் விலையும் ஹெட் விலையை விடக் குறைவுதான், அதனால் முதல் பாட்டில் திணறுகிறவர்கள் ஹெட் வாங்குவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள்.