4294967297 பகா எண்ணா? என் சோதனை ஆம் என்கிறது

கேள்வி:
பைத்தானில் பகா எண் சோதனை ஒன்று எழுதினேன். ஃபெர்மாவின் சிறிய தேற்றம்தான் அடிப்படை: 2-இன் அடுக்காக (எண் − 1)-ஐப் போட்டு, வருவதை அந்த எண்ணாலேயே வகுத்தால் மீதி 1 வர வேண்டும். 4294967297-ஐ, அதாவது 2^32 + 1-ஐக் கொடுத்தால் 1 வருகிறது. ஆனால் காரணி தேடும் இன்னொரு நிரல் 641 × 6700417 என்று உடைத்துக் காட்டுகிறது, பெருக்கிப் பார்த்தாலும் சரியாகவே இருக்கிறது. அப்படியானால் தேற்றம் தப்பா? இந்த எண்ணை எந்த வகையில் சேர்ப்பது?

பதில் 1:
தேற்றத்தில் தப்பில்லை. பகா எண் என்றால் மீதி 1 வரும், ஆனால் மீதி 1 வந்துவிட்டதாலேயே அது பகா எண் ஆகிவிடாது. இப்படித் தப்பிக்கும் பகு எண்களைப் போலிப் பகா எண்கள் என்பார்கள். இங்கே காரணம் எளிது: 2^32 + 1 ஆல் வகுக்கும்போது 2^32-க்கு மீதி −1, அதை வர்க்கப்படுத்தினால் 2^64-க்கு மீதி 1, நீங்கள் போட்ட அடுக்கோ 2^32, அது 64-இன் மடங்கு, அப்புறம் 1 வராமல் என்ன வரும்? 2-க்குப் பதிலாக 3 போட்டுப் பாருங்கள்.

பதில் 2:
இதே எண்ணில்தான் ஃபெர்மாவின் கணிப்பும் பொய்த்தது. 2^1 + 1, 2^2 + 1, 2^4 + 1 என அடுக்கை இரட்டித்துக்கொண்டே போனால் வரும் 3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்கள் என்பதால் இந்த வரிசை முழுக்க அப்படித்தான் இருக்கும் என்று அவர் 1640 வாக்கில் நம்பினார். 1732-இல் ஆய்லர் 641-ஐக் காட்டினார். கையாலேயே கண்டுபிடிக்கலாம் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்: இதன் பகாக் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கோடு 1 கூட்டியதாக இருந்தாக வேண்டும், ஆக 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தாவது வகுத்தலிலேயே கிடைத்துவிடும்! வகுக்கக்கூடத் தேவையில்லை, 641 = 5 × 2^7 + 1, அதுவே 5^4 + 2^4. முதலாவதிலிருந்து 5^4 × 2^28-க்கு 641-இல் மீதி 1, இரண்டாவதிலிருந்து 5^4-க்குப் பதில் −2^4 போடலாம், எனவே −2^32-க்கு மீதி 1. அவ்வளவுதான், 2^32 + 1 மீதியின்றி வகுபடுகிறது.

பதில் 3:
வகை கேட்டீர்களே. இரண்டு வெவ்வேறு பகா எண்களின் பெருக்கல், வர்க்கக் காரணி கிடையாது. தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை வெறும் 6701059, அந்த எண்ணைவிடக் குறைவு, ஆகவே குறை எண். இன்னொன்று, 65536² + 1² என்று எல்லோருக்கும் தெரியும், 62264² + 20449² என்றும் எழுதலாம். பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக அதிகபட்சம் ஒரு வழியில்தான் எழுத முடியும், எனவே காரணி தெரியாமலே இது பகு எண் என்று சொல்லிவிடலாம்.

கேள்வி கேட்டவர்:
3 போட்டதும் மீதி 3029026160 வந்தது, புரிந்துவிட்டது. படிப்படியாக வர்க்கப்படுத்தும்போது நடுவில் வரும் மீதிகளையும் பார்க்கும் மில்லர்–ராபின் சோதனைக்கு மாறிவிட்டால் 2 மட்டும் போதுமா?

பதில் 1:
போதாது. நடுவில் −1 வந்துவிடுவதால் 2-ஐ மட்டும் வைத்தால் அந்தச் சோதனையிலும் இது தப்பித்துவிடும். 2, 3, 5, 7, 11 ஐந்தையும் வையுங்கள், இந்த அளவுள்ள எண்களுக்கு அது போதும்.