கொலைகாரனின் முதுகைப் பார்த்தபடி ஒரு படம்: ‘இன் எ வயலன்ட் நேச்சர்’ குறித்து ஒரு கேள்வி

இருட்டறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கிறிஸ் நாஷ் எழுதி இயக்கி 2024-இல் வெளிவந்த ‘இன் எ வயலன்ட் நேச்சர்’ என்ற கனடியத் திரைப்படத்தை நேற்று இரவு இரண்டாம் முறையாகப் பார்த்தேன். முடிவையும் சேர்த்தே பேசப் போகிறேன் என்பதால், படத்தை இன்னும் பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது.

கதை என்று பார்த்தால் புதிதாக எதுவும் இல்லை. காட்டுக்குள் இடிந்து கிடக்கும் பழைய தீக்கண்காணிப்புக் கோபுரத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கழுத்துச் சங்கிலியை இளைஞர் கூட்டம் ஒன்று எடுத்துச் செல்கிறது. அந்த இடத்தில் புதைந்து கிடந்த ஜானி மண்ணைக் கிளறிக்கொண்டு எழுந்து, சங்கிலியைத் தேடி நடக்கத் தொடங்குகிறான், எதிர்ப்படுகிறவர்களைக் கொல்கிறான். 1980-களின் ஸ்லாஷர் படங்களில், அதாவது ஒரு கொலையாளி ஒவ்வொருவராகத் தேடிக் கொல்லும் திகில் படங்களில், ஊறியவர்களுக்கு இது மனப்பாடமான கதை. ஆனால் கேமரா இளைஞர்களுடன் இல்லை. அது பெரும்பாலும் ஜானிக்குச் சில அடி பின்னால், அவனுடைய முதுகையும் பின்கழுத்தையும் பார்த்தபடி, அவன் நடக்கும் வேகத்திலேயே நடக்கிறது. பின்னணி இசையும் கிடையாது. காலடியில் சருகு நொறுங்கும் ஓசையும் பறவைச் சத்தமும் எங்கோ யாரோ பேசுவதும்தான் காதில் விழுகின்றன.

என் சிக்கல் இதுதான். படத்தின் பெரும்பகுதியில் எனக்கு அருவருப்பு வந்தது, சில இடங்களில் அலுப்பும் வந்தது. பயம் மட்டும் ஒருமுறைகூட வரவில்லை. கொலையாளி எங்கே இருக்கிறான் என்பது எப்போதும் தெரிந்திருக்கும்போது எதற்காகப் பயப்பட வேண்டும்? அதே நேரத்தில், உயிர் தப்பிய கிறிஸ் என்ற பெண் சாலையில் வந்த வண்டியில் ஏறிய பிறகு, ஒரு கொலைகூட நடக்காத அந்தக் கடைசிக் காட்சியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் வரவே இல்லை என்று தெரிந்திருந்தும் இரண்டாம் முறையும் அப்படியேதான் இருந்தது. பயமே தராத ஒரு மணி நேரத்தையும் பயத்தைத் தவிர வேறு எதுவும் இல்லாத இறுதிக் காட்சியையும் ஒரே படமாக எப்படிப் புரிந்துகொள்வது? இதை ஸ்லாஷர் என்று அழைக்கலாமா, அல்லது ஸ்லாஷரைப் பற்றிய ஒரு கட்டுரை என்றுதான் சொல்ல வேண்டுமா?

---

முகமூடிப்பிரியன் எழுதியது:

தாராளமாக ஸ்லாஷர் என்றே அழைக்கலாம். வழக்கமான ஸ்லாஷரில் ஒளித்து வைக்கப்படும் பகுதி இங்கே காட்டப்படுகிறது, வழக்கமாகக் காட்டப்படும் பகுதி ஒளித்து வைக்கப்படுகிறது.

ஓடுகிறவள் எவ்வளவு வேகமாக ஓடினாலும், நிதானமாக நடந்து வருகிறவன் அவளுக்கு முன்னால் போய் நிற்பான் என்பது இந்த வகைப் படங்களில் நாமும் படமெடுப்பவர்களும் பேசி வைத்துக்கொண்ட ஒப்பந்தம். அவன் எப்படி அங்கே போனான் என்று நாம் கேட்பதில்லை. நாஷ் அதைத்தான் கேட்டிருக்கிறார். அவன் காட்டைக் கடந்து நடந்து போனான் என்பதுதான் விடை. அந்த நடையைப் பார்ப்பதில் பரபரப்பு எதுவும் இல்லை என்பதும் விடையின் ஒரு பகுதி. பரபரப்பெல்லாம் சட்டகத்துக்கு வெளியே, அந்த இளைஞர்களிடம் இருக்கிறது. அவர்கள் தங்களை ஒரு சாதாரணத் திகில் படத்தின் பாத்திரங்களாகவே நினைத்துச் சண்டையிட்டுக்கொள்கிறார்கள், காதலிக்கிறார்கள், கதை சொல்கிறார்கள். அவர்களுடைய படம் நமக்குத் துண்டு துண்டாக, தூரத்துப் பேச்சாக மட்டுமே கிடைக்கிறது.

திரை விகிதத்தையும் கவனியுங்கள். 1.33:1 என்ற, ஏறத்தாழ சதுரமான பழைய சட்டகத்தில் படம் எடுக்கப்பட்டிருக்கிறது. அகலத்திரையாக இருந்திருந்தால் ஜானியின் இரு பக்கமும் காடு விரிந்திருக்கும். நம் கண்ணும் மரங்களுக்கிடையே உலவப் போயிருக்கும். இங்கே அந்தப் பெரிய முதுகே நடுவில் அடைத்துக்கொண்டு நிற்பதால், அவனுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்பதைக் கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கத் தோன்றுகிறது. நம்மால் முடிவதில்லை.

பயம் வரவில்லை என்றீர்கள். ஏரியில் நீந்திக்கொண்டிருக்கும் பெண் நீருக்குள் இழுக்கப்படும் காட்சியை மறுபடி நினைத்துப் பாருங்கள். கேமரா தொலைவிலேயே நின்றுவிடுகிறது. முகத்துக்கு அருகில் போவதில்லை, தண்ணீருக்கு அடியிலும் போவதில்லை. வெயிலும் அமைதியான நீர்ப்பரப்பும் அப்படியே இருக்க, அதில் ஒரு சின்னக் கலக்கம் மட்டும் எழுந்து அடங்குகிறது. திடுக்கிட வைக்கும் காட்சி அல்லதான். ஆனால் ஒரு கொலை நடந்து முடிந்ததை அந்தக் காடு பொருட்படுத்தவே இல்லை என்ற உணர்வு எனக்கு நாள்கணக்கில் விலகவில்லை.

---

பழையசுருள் எழுதியது:

இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் ‘கொலையாளியின் பார்வையில் சொல்லப்பட்ட படம்’ என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே அந்தத் தவறு நேரவில்லை என்றாலும், கொலையாளியின் கண்ணால் பார்ப்பதற்கும் அவன் பின்னால் நடப்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவுபடுத்தினால் கேள்விக்கு விடை எளிதாகும்.

கொலையாளியின் கண் வழியாகப் பார்ப்பது இந்த வகைப் படங்களில் மிகப் பழைய உத்தி. 1960-இல் மைக்கேல் பவல் எடுத்த ‘பீப்பிங் டாம்’ அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1974-இன் ‘பிளாக் கிறிஸ்துமஸ்’ படத்தில், முகம் தெரியாத ஒருவன் வீட்டின் வெளிப்புறமாக ஏறிப் பரணுக்குள் நுழைவதை அவன் கண்களாலேயே பார்க்கிறோம். ஜான் கார்ப்பென்டரின் ‘ஹாலோவீன்’ 1978-இல் அதை உச்சத்துக்குக் கொண்டுபோனது. முகமூடியின் இரண்டு துளைகள் வழியாகக் கொலையைப் பார்க்க வைத்துவிட்டு, பார்த்த கண்கள் ஆறு வயதுச் சிறுவனுடையவை என்று கடைசியில் காட்டுகிறார். இவற்றில் நாம் கொலையாளிக்குள் குடியேறுகிறோம். அவனுடைய ஆசையும் அவசரமும் நமக்குள் சிறிதேனும் ஏறிவிடுகின்றன.

முதுகுக்குப் பின்னால் நடப்பது இதற்கு நேர்மாறானது. அவன் எதைப் பார்க்கிறான், என்ன நினைக்கிறான் என்பது எதுவும் நமக்குத் தெரியாது. ஒரு மிருகத்தை ஆவணப்படமெடுக்கப் பின்தொடர்ந்தவரைப் போல நாம் இருக்கிறோம். இந்த முறைக்கும் முன்னோடி உண்டு. 1989-இல் ஆலன் கிளார்க் பிபிசிக்காக எடுத்த ‘எலிஃபன்ட்’ என்ற 39 நிமிடப் படம், வட அயர்லாந்தில் நடந்த கொலைகளைப் பற்றியது; கொலை செய்யப் போகிறவர்களின் பின்னால் கேமரா நடந்துகொண்டே இருக்கும், விளக்கம் எதுவும் தராது. அதே பெயரையும் அதே நடையையும் எடுத்துக்கொண்டு கஸ் வான் சான்ட் 2003-இல் ஒரு பள்ளியில் நடக்கும் துப்பாக்கிச் சூட்டைப் படமாக்கினார். வான் சான்ட்டின் படங்கள் தம்மைப் பாதித்தன என்பதை நாஷ் பேட்டிகளில் மறைக்கவில்லை. அவர் செய்த புதுமை, அந்த நடையைக் கொண்டுபோய் ஸ்லாஷருக்குள் விட்டதுதான்.

இனி நண்பர் இருட்டறையின் புதிருக்கு வருகிறேன். கடைசியில் உயிர் தப்பும் பாத்திரத்துக்கு ‘இறுதிப் பெண்’ என்ற சொல்லாட்சியைத் தந்த ஆய்வாளர் கரோல் குளோவர், 1987-இல் வெளிவந்த கட்டுரையில், ஸ்லாஷர் படத்தின் கேமரா தொடக்கத்தில் கொலையாளியின் பக்கம் நின்றுவிட்டுப் போகப் போக உயிர் தப்பும் பெண்ணின் பக்கம் வந்து சேர்கிறது என்றும், பார்வையாளரின் மனமும் அதனுடன் இடம்பெயர்கிறது என்றும் வாதிட்டார். மற்ற படங்களில் இந்தப் பெயர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக, நாம் அறியாமலே நடக்கும். இந்தப் படத்தில் அது ஒரே ஒருமுறை, வெட்டுக்கத்தியால் வெட்டியது போல நடக்கிறது: கேமரா ஜானியை விட்டுவிட்டு, ஓடுகிற கிறிஸுடன் போய்விடுகிறது. அதுவரை நாம் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவன் அந்தக் கணத்திலிருந்து நம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறான். ஸ்லாஷர் அங்கேதான் தொடங்குகிறது என்றுகூடச் சொல்வேன்.

இன்னொரு சிறு தகவல். கிறிஸை வண்டியில் ஏற்றிக்கொள்ளும் பெண்ணாக நடித்தவர் லாரன் மேரி டெய்லர். அவர் 1981-இல் ‘ஃப்ரைடே தி 13த்’ என்ற ஸ்லாஷர் படத்தின் இரண்டாம் பாகத்தில் கொலையாகும் இளைஞர்களில் ஒருவராக வந்தவர். அன்று தப்பிக்க முடியாமல் போனவரின் வண்டிதான் இன்று தப்பித்தவளை ஏற்றிச் செல்கிறது.

---

மூன்றாம்மணி எழுதியது:

படத்தை இவ்வளவு அழகாக விளக்க முடியும் என்பதே எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது. நான் பார்த்த படம் இந்த அளவு தன் விதிக்கு உண்மையாக இருந்ததாக நினைவில்லை.

முதலாவதாக, முகமூடிப்பிரியன் புகழும் அந்த நடை. நடை முழுவதையும் காட்டுவதாக ஒரு தோற்றம் இருக்கிறதே தவிர, உண்மையில் அப்படி இல்லை. ஜானி நடந்துகொண்டிருக்கும்போதே கட் வருகிறது. வெளிச்சம் மாறியிருக்கிறது, வேறு இடத்தில் நடந்துகொண்டிருக்கிறான். நடந்து வருகிறவன் ஓடுகிறவளை முந்திவிடும் அந்தப் பழைய மோசடி எங்கும் போய்விடவில்லை; அது கட்டுகளுக்கு நடுவே குடியேறியிருக்கிறது.

இரண்டாவதாக, யோகா செய்யும் பெண்ணைக் கொல்லும் காட்சி. கொக்கியையும் சங்கிலியையும் வைத்துக்கொண்டு மனித உடலை அப்படி ஒரு வடிவத்துக்கு மடக்குவதற்குப் பெரிய திறமை வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்; அதை உருவாக்கிய கலைஞர்களை வணங்குகிறேன். ஆனால் அந்தக் காட்சி யாரை நோக்கி நடக்கிறது? சங்கிலியைத் தேடி நடக்கும், காரணம் அறியாத மிருகத்துக்கு இத்தகைய கற்பனை எதற்கு? அரங்கில் கைதட்டல் வாங்குவதற்காகவே வைக்கப்பட்ட காட்சி அது. ஒரு கையில் தவம், மறு கையில் வாணவேடிக்கை என்று படம் இரண்டு கூட்டத்தையும் திருப்திப்படுத்தப் பார்க்கிறது. மரம் பிளக்கும் இயந்திரத்தில் வனக்காவலரைக் கொல்லும் காட்சியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவும் கொடூரம்தான், இன்னும் கூடுதலான கொடூரம். ஆனால் அங்கே வேலையைச் செய்வது இயந்திரம். அது தன் வேகத்தில் இறங்குகிறது, அவன் காத்திருக்கிறான், நாமும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. படத்தின் விதி அந்தக் காட்சியில் முழுமையாக வாழ்கிறது.

மூன்றாவது, நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து ஜானியின் கதையைச் சொல்லும் காட்சி. அவன் யார் என்று தெரியாமலே பின்னால் நடந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! இளைஞர்களின் வசனம் வேண்டுமென்றே தட்டையாக எழுதப்பட்டது என்று சிலர் சொல்கிறார்கள். வேண்டுமென்றே செய்தாலும் தட்டை தட்டைதான்.

---

முகமூடிப்பிரியன் எழுதியது:

கட் பற்றிய உங்கள் கருத்தை ஏற்கிறேன். இதுவரை நான் அதை யோசித்ததில்லை. நெருப்புக் காட்சியில் மட்டும் மாறுபடுகிறேன். கேமரா அந்தக் கூட்டத்தைச் சுற்றி வட்டமிடும்போது, இருட்டுக்குள் அவன் சுற்றி வருகிறான் என்ற எண்ணமே நம்மை அந்தக் கதையைச் சரியாகக் கேட்கவிடுவதில்லை. தன் சொந்தக் கதையைப் பிறர் சொல்ல, அருகில் நின்று கேட்கிறவனுடைய இடம் அது. கதை பழைய கதைதான். அதைக் கேட்கிற இடம்தான் புதியது.

---

இருட்டறை எழுதியது:

பதிலளித்த மூவருக்கும் நன்றி. உங்கள் கருத்துகளைப் படித்துவிட்டுக் கடைசிக் காட்சியை மட்டும் மறுபடியும் பார்த்தேன்.

வண்டி ஓட்டும் பெண் தன் சகோதரனைக் கரடி தாக்கிய கதையைச் சொல்லிக்கொண்டு வருகிறார். பசிக்காகக் கொல்லாமல் கொன்றுகொண்டே போன கரடியைப் பற்றிய கதை அது. பிறகு, கிறிஸின் காயத்தைக் கட்டுவதற்காகக் காட்டோரச் சாலையிலேயே வண்டியை நிறுத்திவிடுகிறார். நிறுத்தாதீர்கள் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவர் குனிந்து கட்டுப்போட, கிறிஸ் மரங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் பார்க்கும் பக்கம் நானும் பார்க்கிறேன். அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது இந்த முறைதான் புரிந்தது. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வண்டி இவ்வளவு தூரம் வந்திருக்கிறது, அவன் எங்கும் நிற்காமல் நடந்தால் எப்போது வந்து சேர்வான் என்று. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அவன் பின்னால் நடந்ததில், அலுத்துக்கொண்டே நான் கற்றுக்கொண்டது அவனுடைய நடைவேகம் ஒன்றைத்தான். முகமூடியோ ஆயுதமோ என் நினைவில் அப்போது இல்லை. சருகு நொறுங்கும் அந்த ஓசை கேட்கிறதா என்று மட்டும்தான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். நேராகக் கிறிஸிடமிருந்தே படம் தொடங்கியிருந்தால் அந்தச் சாலையோரம் எனக்கு வெறும் சாலையோரமாகவே இருந்திருக்கும்.

---

மூன்றாம்மணி எழுதியது:

அந்தக் காட்சியைப் பற்றி நீங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் ஏற்கிறேன். நானும் அந்த மரங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தக் கணக்கில் யோகா காட்சிக்கு எந்த வேலையும் இல்லை என்பதையும் நீங்கள் ஏற்க வேண்டும்.