ஆக்சிமீட்டரில் 98 காட்டுது, ஆனா ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குது. எப்படி?

தாழம்பூ (கேள்வி):

அம்மாவுக்கு வயது 58. ஒரு மாடி ஏறினா மூச்சு வாங்குது, நெஞ்சு படபடன்னு அடிக்குது. விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர்ல எப்பவும் 98தான். நாடி மட்டும் 104. எக்ஸ்ரேல நுரையீரல் சுத்தமா இருக்கு, ஈசிஜியும் பரவாயில்லைன்னுட்டாங்க. ரத்தப் பரிசோதனையில ஹீமோகுளோபின் 7. ரத்தத்துல 98 சதவீதம் ஆக்சிஜன் இருந்தா எதுக்கு மூச்சு வாங்கணும்? மெஷின் தப்பா காட்டுதா? ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வாங்கி வீட்ல வச்சுடுங்கன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. உள்ள என்ன நடக்குதுன்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

செவ்வணு:

மெஷின் சரியாகத்தான் காட்டுகிறது. சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம்தான் ஹீமோகுளோபின். இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைப் பிடித்திருக்கிறது என்பதுதான் அந்த 98. மொத்தம் எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. கிளம்பிய பேருந்துகளில் இருக்கையெல்லாம் நிரம்பியிருக்கிறது; ஆனால் டிப்போவிலிருந்து கிளம்பியதே பாதிப் பேருந்துதான்.

நுரையீரல் தன் வேலையைச் செய்துவிட்டது. வெளிக்காற்றில் ஆக்சிஜனின் அழுத்தம் சுமார் 160 மி.மீ. பாதரசம். மூக்கு, மூச்சுக்குழாய் ஈரத்தில் 150 ஆகி, நுரையீரலின் கடைசியில் உள்ள நுண்ணறைக்குள் (குட்டிக் காற்றுப் பை) கார்பன் டை ஆக்சைடோடு கலந்ததும் 100-க்கு வந்துவிடும். ரத்தத்துக்கும் காற்றுக்கும் நடுவில் உள்ள சுவர் ஒரு மைக்ரானைவிட மெலிது. சிவப்பணு அந்தச் சுவரை ஒட்டி ஓடும் தந்துகியை (மிக மெல்லிய ரத்தநாளம்) கடக்க முக்கால் விநாடி எடுக்கும், கால் விநாடியிலேயே ஆக்சிஜன் நிரம்பிவிடும். இதுவரை உங்கள் அம்மாவுக்கு எந்தக் குறையும் இல்லை.

இனி கணக்கு. ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மி.லி. ஆக்சிஜனைச் சுமக்கும். ஹீமோகுளோபின் 14, அதாவது 100 மி.லி. ரத்தத்தில் 14 கிராம் என்றால், அதில் உள்ள ஆக்சிஜன் 1.34 × 14 × 0.98 = 18.4 மி.லி. அதுவே 7 என்றால் 9.2 மி.லி. இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தம் தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டால், உடம்புக்குப் போய்ச் சேர்வது 920-க்குப் பதில் 460 மி.லி. சும்மா உட்கார்ந்திருக்கவே 250 மி.லி. வேண்டும். அதனால் உட்காரும்போது சமாளித்துவிடலாம். மெதுவாகப் படியேறினாலே தேவை ஒரு லிட்டரை நெருங்கும். இதயம் இரண்டு மடங்காக 10 லிட்டர் தள்ளினாலும் 920 மி.லி.தான் போகும், அதையும் திசுக்கள் மிச்சமில்லாமல் உறிஞ்ச முடியாது. நாடி 104 ஏன் என்பதற்கும் இதுவே பதில்.

பற்றாக்குறையில் தசை ஆக்சிஜன் இல்லாமலே சக்தி எடுக்கத் தொடங்கும். லாக்டிக் அமிலம் சேரும், அதைச் சமன்செய்யும்போது கார்பன் டை ஆக்சைடும் கூடும். அமிலமும் கார்பன் டை ஆக்சைடும் மூளையையும், கழுத்துத் தமனி பிரியும் இடத்தில் உள்ள உணரியையும் தூண்டும். அதுதான் அந்த மூச்சு வாங்கல். வேடிக்கை என்னவென்றால், அந்த உணரி ரத்தத்தில் கரைந்துள்ள ஆக்சிஜனின் அழுத்தத்தைப் பார்க்கிறதே தவிர மொத்த அளவைப் பார்ப்பதில்லை. அதனால் ரத்தசோகை வெகுநாள் சத்தமில்லாமல் வளரும். மெல்ல மெல்ல இறங்கும்போது சிவப்பணுவுக்குள் டி.பி.ஜி. என்ற பொருள் கூடி, திசுக்களில் ஆக்சிஜனைக் கொஞ்சம் தாராளமாக விடச் செய்யும். அதனால்தான் மாதக்கணக்கில் 7-க்கு வந்தவர் நடமாடுகிறார். ஒரே நாளில் ரத்தம் போய் 7-க்கு வந்தவர் சுருண்டு விழுகிறார்.

காற்றாடி:

தினமும் காலையில வேகமா ஆழ்ந்து மூச்சு இழுத்து விட்டா ஆக்சிஜன் ஏறுமே? பிராணாயாமம் பண்ணச் சொல்லுங்களேன்.

செவ்வணு:

98-ஐ 100 ஆக்கினால் 100 மி.லி. ரத்தத்தில் கூடுவது சுமார் 0.2 மி.லி. அவ்வளவுதான். வேக மூச்சு இவருக்கு வேண்டவே வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறினால் மூளை ரத்தநாளம் சுருங்கும், தலை சுற்றும், உதடும் விரலும் மரத்துப்போகும். ஹீமோகுளோபினும் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொண்டு விட மறுக்கும்.

நிதானமான மூச்சில் கெடுதல் இல்லை. இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மி.லி. குழாய்களிலேயே நின்றுவிடும். 500 மி.லி. வீதம் 12 முறை இழுத்தால் நுண்ணறைக்குப் போவது 4.2 லிட்டர், 250 மி.லி. வீதம் 24 முறை இழுத்தால் 2.4 லிட்டர்தான். இரண்டிலும் மொத்தக் காற்று 6 லிட்டர். மேலோட்டமாக மூச்சு விடும் ஆஸ்துமாக்காரருக்கு இது உதவும். ஹீமோகுளோபின் குறைந்தவருக்கு இது மருந்தாகாது.

வால்வு:

கான்சன்ட்ரேட்டர் பற்றி. அது அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின். நல்ல நிலையில் உள்ள, நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் மெஷின் 93 சதவீதத்தை ஒட்டிய ஆக்சிஜன் தரும். மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 2 லிட்டர் வைத்தால் உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 28 சதவீதம். ரத்தத்தில் அழுத்தம் 50 மி.மீ. கூடும் என்று வையுங்கள். ஒரு மி.மீ.க்கு 100 மி.லி. ரத்தத்தில் கரைவது 0.003 மி.லி. ஆக, லாபம் 0.15 மி.லி. அதுவே ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறினால் 1.3 மி.லி. அந்தக் காசை மருத்துவத்துக்கு வையுங்கள். கேனில் விற்கும் ஆக்சிஜன் இன்னும் வீண், 10 லிட்டர் கேன் 2 லிட்டர் ஓட்டத்தில் ஐந்தே நிமிடம்.

ஆக்சிமீட்டர் பார்க்கும் முறையையும் சரிசெய்துகொள்ளுங்கள். கருவி 660, 940 நானோமீட்டர் ஒளிகளை விரல் வழியே அனுப்பி, துடிப்போடு மாறும் பங்கை மட்டும் கணக்கிடுகிறது. துடிப்பு பலவீனமானால் எண்ணும் பொய். ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, கையைச் சூடாக்கி, நகப்பூச்சு இருந்தால் அழித்து, மருதாணி இல்லாத விரலில், நெஞ்சு மட்டத்தில் கையை வைத்துப் பாருங்கள். முதலில் வரும் எண்ணை விட்டுவிடுங்கள், அரை நிமிடமாவது ஆகி எண் நிலைத்த பிறகு குறியுங்கள். மணிக்கட்டில் எண்ணிய நாடியும் கருவியின் நாடியும் ஒத்துப்போகாவிட்டால் 98-ஐயும் நம்பாதீர்கள். கறுத்த தோலில் உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டுவதும் உண்டு.

இன்னொன்று, கேள்விக்கு வெளியே இருந்தாலும் சொல்லியாக வேண்டும். மூடிய அறையில் ஜெனரேட்டரோ கரி அடுப்போ எரிந்து கார்பன் மோனாக்சைடு ஏறியவருக்கும் இதே கருவி 98 காட்டும். அந்த வாயு பிடித்த ஹீமோகுளோபினை ஆக்சிஜன் பிடித்ததாகவே எண்ணிக்கொள்ளும். தலைவலி, வாந்தி என்றால் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆளை வெளியே கொண்டுவந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே ஆக்சிஜன்தான் மருந்து.

தாழம்பூ:

இப்ப தெளிவாச்சு, ரொம்ப நன்றி. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் குடுத்திருக்காங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் டீயோட போட்டுக்கறாங்க, அது பரவாயில்லையா? வேற எதாவது கவனிக்கணுமா?

மருதம்:

டீயோடு வேண்டாம்மா. டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை, அசிடிட்டி மாத்திரை எல்லாமே இரும்பை உறிஞ்ச விடாது. ஒன்றிரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். வெறும் வயிறு நல்லது. குமட்டினால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு எலுமிச்சைச் சாற்றோடு போடலாம். நாலு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 முதல் 2 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் மாத்திரை உறிஞ்சப்படவில்லை, அல்லது ரத்தம் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் உடம்பின் இரும்புச் சேமிப்பு நிரம்ப மூன்று மாதம் தொடர வேண்டும்.

ஆனால் மாத்திரையைவிட முக்கியம், 58 வயதில் மாதவிடாய் நின்ற ஒருவருக்கு ஏன் 7 ஆனது என்பது. முதலில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும், வைட்டமின் பி12-உம் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புதான் குறை என்று உறுதியானால் வயிறு, குடலில் கசிவு இருக்கிறதா என்று தேடியே ஆக வேண்டும்: மூட்டுவலிக்குத் தொடர்ந்து போடும் மாத்திரையால் வந்த புண், மூலம், கொக்கிப்புழு, பெருங்குடல் புற்று. எண்டோஸ்கோபி (வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது), கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் பார்ப்பது) இரண்டும் தேவையா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள், அவர் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ அன்றே அவசரப் பிரிவு. ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும்.

மலத்தையும் கவனிக்கச் சொல்லுங்கள். இரும்பு மாத்திரையால் கரும்பச்சையாகப் போவது இயல்பு. தார் மாதிரி ஒட்டிக்கொண்டு, கடும் நாற்றத்தோடு கறுப்பாகப் போனால் அது மாத்திரையால் அல்ல, உள்ளே ரத்தம் கசிகிறது.