கத்திக்கு லாரிப் பட்டையா, பேரிங் எஃகா?

கேள்வி: சமையல் கத்தி ஒன்றைக் கையால் அடித்துச் செய்ய விரும்புகிறேன். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையும் பேரிங் வளையமும் கைவசம் உள்ளன. எது ஏற்றது?

பதில் 1: பேரிங்குகளில் பரவலாகப் பயன்படும் 52100 எஃகில் கரிமம் ஏறக்குறைய 1 சதவீதமும் குரோமியம் 1.5 சதவீதமும் இருப்பதால், மெல்லிய விளிம்பு நெடுநாள் கூர்மை காக்கும். லாரி ஸ்பிரிங்குகளில் பரவலாகப் பயன்படும் 5160 வகைப் பட்டையில் கரிமம் 0.6 சதவீதமே, அது அடி தாங்கும் அரிவாளுக்கு உகந்தது.

பதில் 2: பழைய எஃகின் வகையை ஊகித்து நம்பாதீர்கள். சிறு துண்டொன்றைக் காந்தம் ஒட்டாத நிலைக்குச் சற்று மேல்வரை சூடாக்கி, வெதுவெதுப்பான எண்ணெயில் தோய்த்து, அரத்தால் தேய்த்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் கடினமேறியிருக்கிறது. பின்பு, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, அதை உடைத்துப் பாருங்கள். முறிவு சர்க்கரை போல மினுங்கினால் சூடு மிஞ்சிவிட்டது.

கேட்டவர்: பேரிங் துண்டில் அரம் வழுக்கியது, முறிவும் நுண்மையாக இருந்தது. கத்தியைக் கடினமாக்கியபின், நொறுங்காமலிருக்க 200 டிகிரி செல்சியஸில் இருமுறை சூடாக்கிப் பதப்படுத்தப் போகிறேன்.